ஈமு எண்ணெயும் எட்டாவது கிட்டாரும்

மூன்றாவது தடவையும் ‘டொக்’ என்றுதான் சத்தம் வந்தது. மெர்வ் மடியிலிருந்த பச்சை கிட்டாரை முறைத்துப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அந்த முறைப்புக்கு ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளும் அடங்கியிருக்கிறார்கள். கிட்டார் அடங்கவில்லை.

“கோல், இது கிட்டாராடா, இல்ல வேலிக் கம்பியா?”

“நேத்துதான் பெட்டியப் பிரிச்சேன். நல்லாத்தான இருந்துச்சு,” என்றார் கோல்.

ஆஸ்திரேலியாவில் வாகா வாகா ஊர்க் கடைத்தெருவில் முப்பது வருஷமாகக் கிட்டார் விற்கிறவர். மெர்வுக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதர். அதனால் இருவருக்கும் இடையில் மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மெர்வ் வீட்டுச் சுவரில் ஏற்கனவே ஏழு எலக்ட்ரிக் கிட்டார்கள் தொங்குகின்றன. ஏழுக்கும் தடித்த குரல், உறுமத்தான் தெரியும். வரும் சனிக்கிழமை மெர்வுக்கும் கிளெனிஸுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம். பௌலிங் கிளப்பில் விருந்து. இருவரும் முதன்முதலில் சேர்ந்து ஆடிய பாட்டை அன்றைக்கு வாசிப்பதாக மெர்வ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பாட்டின் தொடக்கம் மணி அடித்ததுபோல் இருக்க வேண்டும். அதற்குத்தான் எட்டாவது.

“ஏழு சேந்து சொல்லாதத எட்டாவது வந்து சொல்லிருமா?” என்று கிளெனிஸ் கேட்டதோடு சரி. கேட்டுவிட்டு அவரும் கூடவே காரில் ஏறிக்கொண்டார்.

கடைக்குள் நுழைந்ததும் கிளெனிஸ் கேட்ட முதல் கேள்வி, “நொலீன் இல்லையா?”

நொலீன் கோலின் தங்கை. கல்லாவில் உட்கார்பவர்.

“சாப்பிடப் போயிருக்கா. ஒரு மணிக்கு வந்துருவா.”

அதைக் கேட்ட பிறகுதான் கிளெனிஸ் உட்கார்ந்தார். மடியில் இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரப் பொட்டலம். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில். சட்டுபுட்டென்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டால் எட்டாவது வராது என்று கணக்குப் போடுகிறாள் என மெர்வ் நினைத்துக்கொண்டார்.

“அதுல இருக்கறது பத்தாம் நம்பர் கம்பிதான்டா,” என்றார் கோல். “நம்பர் குறையக் குறையக் கம்பி மெலிசு, உனக்குத் தெரியாததா? நீ வாசிக்கிறது பதினொண்ணு. உனக்கு இது பஞ்சு மாதிரி இருக்கணுமே.”

“பத்தொம்போது வயசுலேருந்து பதினொண்ணு,” என்றார் மெர்வ் நெஞ்சை நிமிர்த்தி. “அதவிட மெலிசா வேணும்னா தையல் நூல்லயே வாசிக்கலாம்.”

“இப்பவும் கிளெனிஸ்தான் கம்பி மாத்தறாளா?”

“பின்ன? எனக்கு ஏது அந்தப் பொறுமை. தையல்காரியக் கட்டுனதே அதுக்குத்தான்.”

கிளெனிஸ் பொட்டலத்தைப் பிரித்து, மும்முரமாகப் பலகாரத்தைத் தின்ன ஆரம்பித்தார்.

மெர்வ் மறுபடி விரலை வைத்தார். ஒரே விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கிச் சுரங்களை ஒன்றாக எழுப்பும் கார்டு அது. ஆள்காட்டி விரலின் மூட்டிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது.

இந்த வலி அவருக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் வந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது, கிட்டாரை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அந்தக் காகிதத்தை மெர்வ் காரில் ஒளித்துவைத்தார். கிளெனிஸிடம் மூச்சுவிடவில்லை. சந்தையில் மூட்டுவலிக்கென்று விற்ற ஈமுக்கோழி எண்ணெய் ஒரு சீசா வாங்கி, புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று தினமும் ரகசியமாகத் தேய்த்தார். இரண்டே மாதம்! சுவரிலிருந்த ஏழும் கைக்குள் வெண்ணெயாய்க் குழைந்தன. அவற்றின் குரல் மட்டும் கொஞ்சம் இளைத்ததுபோல் இருந்தது. காதுக்கு வயசாகிவிட்டது என்று ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை ஒரு சுற்று ஏற்றிவைத்துக்கொண்டார். டாக்டருக்கு என்ன தெரியும்!

ஆனால் இன்றைக்கு வலி திரும்பி வந்திருக்கிறது. கோளாறு கிட்டாரில் என்றால் பரவாயில்லை. கையில் என்றால் சனிக்கிழமை போயிற்று. அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளும் போயின.

“வேற குடு.”

கோல் வெள்ளையைக் கொடுத்தார். வலித்தது. நீலத்தைக் கொடுத்தார். அதிகமாக வலித்தது.

சட்டென்று மெர்வுக்குப் பொறி தட்டியது. காலையில் எண்ணெய் தேய்க்க மறந்துவிட்டார்!

“காருல ஒண்ண விட்டுட்டேன், இரு,” என்று ஓடினார். சீசாவைக் கவிழ்த்து, மணிக்கட்டு வரை கொழகொழவென்று பூசிக்கொண்டு வந்தார். பச்சையை எடுத்துக் கார்டைப் பிடித்தார். கை வழுக்கிக் கிட்டாரின் கழுத்து நெடுக ஓடிப்போய் உடம்பில் மோதியது. ஆம்ப் காக்கட்டூக் கிளிக் கூட்டம்போல் அலறியது. நீலக் கிட்டார் ஸ்டாண்டோடு சாய, கோல் பாய்ந்து பிடித்தார்.

“டேய், கடையக் கவுத்துராத! ஆமா, இது என்ன வாடை? கோழி வறுத்த மாதிரி?”

“மெர்வோட புது சோப்பு,” என்றார் கிளெனிஸ், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மெர்வுக்குப் போன உயிர் வந்தது. நல்லவேளை, அவளுக்கு எண்ணெய் வாடைக்கும் சோப்பு வாடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இனி ஒரே வழிதான். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்புக் கிட்டார் காரில் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துவரக் கிளம்பினார்.

“அது எதுக்கு இப்ப? வீட்டுக்குப் போலாம் வா. டீ வேற குடிக்கல,” என்று கிளெனிஸ் எழுந்தார்.

“இரும்மா. என் மானப் பிரச்சினை இது.”

சிவப்பை மடியில் வைத்து வாசித்தார். அதே கார்டு. தடுக்கவில்லை, இழுக்கவில்லை, தண்ணீராய் ஓடியது. நாற்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் பாட்டை முழுசாக வாசித்து முடித்தார். கிளெனிஸின் பாதம் தாளம் போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கை இருக்கிறது! கை நன்றாகத்தான் இருக்கிறது!

சந்தோஷம் தலைக்கேறினால் மெர்வுக்கு நாக்கு நிற்காது.

“பாத்தியாடா? கோளாறு என் கையில இல்ல. உன் கடையிலதான். ஒரு கிட்டாராவது ஒழுங்கா இருக்கா? முப்பது வருஷமா இந்தக் குப்பையத்தான் ஊருக்கு வித்தியா?”

கோலின் முகம் சிவந்தது. “குப்பையா? ஒவ்வொண்ணையும் என் கையால சரிபார்த்து வைக்கிறேன்டா! குடு அத இப்படி. அப்படி என்னதான் உன் கிட்டார்ல இருக்குன்னு பாத்துர்றேன்.”

“தாராளமாப் பாரு. அளந்தே பாரு. பதினொண்ணுடா, பதினொண்ணு!”

“கோல்...” என்றார் கிளெனிஸ்.

கோல் அதற்குள் சிவப்பை வாங்கி ஒரு கம்பியை அமுக்கியிருந்தார். இன்னொன்றை அமுக்கினார். நிமிர்ந்து கிளெனிஸைப் பார்த்தார். கிளெனிஸ் பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

கோல் கிட்டாரை மெதுவாக மெர்வின் மடியில் திருப்பி வைத்தார்.

“பதினொண்ணுதான்,” என்றார். தொண்டையைச் செருமினார். “உன் கை இன்னும் இரும்புடா. என் கிட்டாருங்கதான் சரியில்ல. இந்தக் குளிருக்குக் கழுத்து வளைஞ்சிருக்கும். என் தப்புதான்.”

முப்பது வருஷத்தில் கோல் ஒப்புக்கொண்ட முதல் தப்பு அது. மெர்வ் பெருந்தன்மையோடு அவர் முதுகில் தட்டினார். ஜெயித்த பிறகு கோபம் எதற்கு?

“அந்தப் பச்சையவே எடுத்துக்கலாம் மெர்வ்,” என்றார் கிளெனிஸ். “குரல் மணி மாதிரிதான் இருக்கு. வீட்டுல வச்சு நான் கம்பி மாத்தித் தர்றேன். அதுக்கப்புறமும் கை... அதுக்கப்புறமும் அது முரண்டு புடிச்சா முரும்பிட்ஜீ ஆத்துல போட்டுரலாம்.”

மெர்வுக்கு நெகிழ்ந்துவிட்டது. எட்டாவது வேண்டாம் என்று தடுக்க வந்தவள் என்றல்லவா நினைத்தார்!

“உன் கை பட்டாத்தான் கண்ணு கிட்டாருக்கே புத்தி வருது,” என்றார். பச்சையைப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். மனசு லேசாக இருந்தது. ஒருநாள், எல்லாக் கச்சேரியும் முடிந்தபிறகு, டாக்டர் சொன்னதையும் ஈமு எண்ணெய் ஜெயித்ததையும் அவளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

கதவுமணி சிணுங்கியது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு நொலீன் உள்ளே வந்தார். வாசலருகே குனிந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்த மெர்வைக் கவனிக்காமல் தாண்டி நேரே கல்லாவுக்குப் போனார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார்.

“வா கிளெனிஸ், நீ கேட்ட எட்டாம் நம்பர் கம்பி ஏழு செட்டும் வந்துருச்சு. பதினொண்ணுலேருந்து எட்டு வரைக்கும் இறக்கிட்ட, இதவிட மெலிசா எங்கிட்ட இல்லம்மா, இனிமேலும் கை வலிச்சா மெர்வுகிட்ட நீ உண்மையச் சொல்லித்தான் ஆகணும்.”