கொம்பால் தட்டிய எருமை

ஒரு காட்டில் மாட்டுத்தீவன ஆலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி, நரி. மாட்டுத்தீவனத்துக்கும் நரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆலைப் பக்கமே போகாதவர்கள்.

அங்கே தீவனத்தை அழுத்தி வில்லையாக்கும் மெஷினில் பூவாயி என்ற எருமை வேலை பார்த்தது. சேர்ந்த புதிதில் அதற்கு ஒன்றும் தெரியாது. மெஷின் அடைத்துக்கொண்டு நிற்கும். பூவாயி திட்டு வாங்கும். வருஷங்கள் போகப் போக, சத்தம் லேசாக மாறும்போதே அடைப்பு வரப்போவது அதன் காதுக்குத் தெரிந்தது. அடிப்பக்கம் ஓரிடத்தில் கொம்பால் பதமாகத் தட்டும், சரியாகிவிடும். யாரும் சொல்லித்தந்ததில்லை.

பூவாயிக்கு ஒரே ஆசை. மத்தியானம் குளத்தில் கிடக்க வேண்டும். மெஷின் சூட்டில் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது, பாவம். ஆனால் மத்தியானத்தில் வெளியே போகும் உரிமை சூப்பர்வைசருக்கு மட்டும்தான். அந்த இடம் காலியானதும் போய்க் கேட்டது.

"நீ இல்லன்னா மெஷினே ஓடாதும்மா," என்றது நரி, கண் கலங்க. "உன்னைப் போய் அங்கேருந்து எடுப்பேனா?"

வேலை குரங்குக்குப் போனது. குரங்கு தொட்ட மெஷின் எதுவும் ஓடியதில்லை. ஆகவே அதை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பூவாயி அழுதது. பிறகு யோசித்தது. மறுநாள் முதல் ஒரு விரற்கடை தள்ளித் தட்டியது. மெஷின் ஓடவும் கூடாது, உடையவும் கூடாது, பழியும் வரக் கூடாது. அப்படித் தட்டுவதற்கு அதுவரை கற்றது அத்தனையும் தேவைப்பட்டது.

"காது மந்தமாயிடுச்சுங்க முதலாளி," என்றது.

நரி பெருமூச்சு விட்டது. "வேலை தெரியாதவங்களுக்கு இங்க மேல மட்டும்தாம்மா எடமிருக்கு." குரங்கு மேனேஜரானது, பூவாயி சூப்பர்வைசரானது.

பூவாயியின் மெஷினுக்கு, அதுவரை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி மாசிலாமணி வந்தது. அதுவும் திட்டு வாங்கியது. அதுவும் மெல்ல மெல்ல, கோரைப்பல்லால் பதமாகத் தட்டக் கற்றுக்கொண்டது.

ஒரு மத்தியானம் அது யாருக்கும் தெரியாமல் குளக்கரைக்கு ஓடிவந்தது. தோலெல்லாம் வெடிப்பு.

"அக்கா, அந்தச் சூப்பர்வைசர் வேலையில என்னையும் ஒருநாள் போடுவீங்களா? இந்தத் தண்ணியில எறங்கணும்."

கழுத்தளவு தண்ணீரில் கிடந்த பூவாயி காதைத் திருப்பியது. தொலைவில் ஆலைச் சத்தம் லேசாக மாறியிருந்தது.

"நீ இல்லன்னா மெஷினே ஓடாதுப்பா," என்றது, கண் கலங்க. "அடைக்கப் போவுது, ஓடு."

நீதி: தொழிலைக் கற்றவருக்கு மெஷின் கிடைக்கும், மறந்த மாதிரி இருக்கவும் கற்றவருக்குக் குளம் கிடைக்கும்.