பரிசோதகரின் கறுப்புக் கோட்டு

"அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் தொடாதீங்க மாமா."

தையல்காரர் கையை அந்தரத்திலேயே நிறுத்தினார். கடை அவருடையது. கம்பி அவர் அடித்தது. அதில் தொங்கும் கோட்டு அவர் வெட்டியது. ஆனாலும் நிறுத்தினார். சொன்னவன் மனைவியின் தம்பி. அவனுக்குப் பின்னால், கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில், மனைவியே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் காலர் வைக்கல. கைக்கு லைனிங் போடல. தொடாம எப்படி மாப்ள தைக்கிறது?"

"பாட்டு முடிஞ்சதும் தைங்க."

"பாட்டு எப்போ முடியும்?"

மைத்துனன் தன் குழுவைத் திரும்பிப் பார்த்தான். குழு கூரையைப் பார்த்தது.

குழுவின் பெயர் 'பட்டன் இல்லாத சட்டை'. ஒரு தையல்காரர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ராக் பாட்டுக் குழுவுக்கு இப்படி ஒரு பெயர் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். முதல் மேடைக்கு அவர்தான் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தார். பட்டனை எல்லாம் கத்தரித்துப் போட்டுவிட்டு மேடையேறினார்கள். குளிர் தாங்காமல் பாடகனுக்கு இருமல் வந்தது. அதையும் புதுமை என்று சிலர் கைதட்டினார்கள்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 'மாடிப்படிக்குக் கீழே'. வேறு இடம் கிடைக்காமல், தையல்காரரும் மனைவியும் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, இதே கடைக்குள் புகுந்து பதிவு செய்தது. குளிர்காலத்துக்கு முந்தைய வாரம். கம்பி முழுக்கக் கம்பளிக் கோட்டுகள். ஆல்பம் வெளிவந்ததும் கேட்டவர்களெல்லாம், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பாடுவதுபோல் இருக்கிறது என்றார்கள். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது ஆல்பத்தைக் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஸ்டுடியோவில் எடுத்தார்கள். 'கண்ணாடி வானிலை' என்று பெயர் வேறு. வெண்கலக் கடையில் யானை புகுந்ததுபோல் இருந்தது. உற்றார் உறவினரைத் தவிர அதை வாங்கியவர் ஊரிலேயே ஒரே ஒருத்தர்தான் என்று இசைத்தட்டுக் கடைக்காரர் சொன்னார். அவருடைய முகமும் ஞாபகம் இல்லையாம்.

பிறகுதான் ஒலிப்பதிவு செய்பவனுக்கு ஞானம் வந்தது. அவனைக் குழுவில் எல்லோரும் ஹெட்போன் என்றுதான் கூப்பிடுவார்கள்; காதில் அது இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. முதல் ஆல்பத்தில் நன்றாக இருந்தது பாட்டும் இல்லை, பாடியவனும் இல்லை, கோட்டுகள்தான் என்று அவன் கண்டுபிடித்தான். கம்பளி எதிரொலியைக் குடித்துவிடுகிறதாம்.

ஆக, மூன்றாவது ஆல்பம் மறுபடியும் கடைக்குள் வந்தது.

மாட்டேன் என்றுதான் தையல்காரர் முதலில் சொன்னார். மனைவி சண்டை போடவில்லை. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, தம்பி பாட்டை விட்டுட்டு உங்ககிட்ட தையல் கத்துக்க வந்துடறேங்கறான்" என்று மட்டும் சொன்னாள். அவர் அன்றே கடைச் சாவியில் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டார்.

எல்லாம் சரி, வாசலில் ஒரு பலகை இருக்கிறதே. 'சொன்ன நாளில் தரப்படும்'. கடை திறந்த அன்று அவரே எழுதி மாட்டியது. காய்ச்சலோடு தைத்துக் கொடுத்திருக்கிறார், கையில் ஊசி ஏறிக் கட்டுப்போட்டபோதும் கொடுத்திருக்கிறார். மற்ற தையல்காரர்கள் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிச் சொல்லியே கிழவர்களானார்கள். அந்த வார்த்தை இவர் வாயில் வந்ததே இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

கறுப்புக் கோட்டு பேருந்து டிக்கெட் பரிசோதகருடையது. அவர் பார்த்தாலே, டிக்கெட் வாங்கியவனும் பையைத் தடவிப் பார்ப்பான். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், பிரிவு உபசார விழா நடக்கப்போகிறது. இத்தனை காலம் சீருடையில் நின்றவன், போகிற அன்றைக்காவது ஒரு கோட்டில் நிற்கிறேன் என்று கனத்த கம்பளியாகப் பார்த்துத் தானே எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தக் கனம்தான் வினையாகிவிட்டது. ஹெட்போன் அதை டிரம்முக்குப் பின்னால் மாட்டிவிட்டு, "இதை எடுத்தா ஆல்பமே இல்ல" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன நாள் வந்தது. பரிசோதகரும் வந்தார்.

"டெய்லர், கோட்டு?"

தையல்காரர் வாசற்படிக்கு வந்து கதவைத் தன் முதுகாலேயே சாத்தினார். உள்ளே டிரம் இடித்தது. பட்டன் வரவில்லை என்றார். அது அவர் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்ன முதல் பொய், அதனால் காது சிவந்துவிட்டது. பரிசோதகர் தலையைச் சாய்த்து, அந்தப் பொய்யின் அடியாழம் வரைக்கும் கேட்பவர்போல வெகுநேரம் நின்றார்.

"விழாவை ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. நாளைக்கு வர்றேன்."

தெய்வம் இருக்கிறது என்று தையல்காரர் நினைத்தார்.

அன்று பையன்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, கறுப்புக் கோட்டை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் படுக்கையறைக் கம்பளிகள் இரண்டைத் தொங்கவிட்டார். கம்பளிக்குக் கம்பளி சரியாகப் போய்விடும் என்பது அவர் கணக்கு. பையன்கள் திரும்பி வந்ததும் டிரம்காரன் ஒரு தட்டுத்தான் தட்டினான். ஹெட்போன் முகம் வெளிறிவிட்டது.

"யாரு கோட்டை எடுத்தது? டிரம் கிணத்துக்குள்ள விழுந்துருச்சு."

திருடனைப் போல ஒளித்து வைத்த கோட்டைத் தன் கையாலேயே கொண்டுவந்து மாட்டினார் தையல்காரர். அத்தோடு விட்டதா? மடிப்பு மாறிவிட்டதாம், நேற்று எடுத்த பாட்டோடு இன்றைய சத்தம் ஒட்டாதாம், முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு, கிடாருக்கு அந்தப் படுக்கையறைக் கம்பளிகள் அருமையாகப் பொருந்துகின்றன என்று அவற்றையும் கம்பியிலேயே வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தையல்காரரும் மனைவியும் மேஜை விரிப்பைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

"எடுக்காதீங்கன்னு அவன் சொன்னான்ல?" என்றாள் மனைவி, இருட்டில்.

"காலு குளிருது. பேசாம படு."

பரிசோதகர் சொன்னபடி மறுநாள் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பிறகு அது பழக்கமாகிவிட்டது. மதியமானால் வாசலில் அந்த நிழல் விழும். மேலதிகாரி ஊரில் இல்லை, விழா தள்ளிப்போயிற்று என்பார். அப்புறம் மண்டபம் கிடைக்கவில்லை என்பார். தையல்காரர் நூலைக் குறை சொல்வார், கத்தரியைக் குறை சொல்வார், கம்பளி சுருங்குகிறது என்பார். ஒருநாள் பரிசோதகர், "நேத்து சத்தம் பாதியில நின்னுபோச்சே" என்று முகத்தைச் சுளித்தார். இரைச்சலைப் பற்றிப் புகார் செய்யப்போகிறார் என்று நினைத்த தையல்காரர், இனிமேல் சத்தமே கேட்காது என்று சத்தியம் செய்தார். பரிசோதகர் சுளித்த முகம் மாறாமலே போய்விட்டார். வேலை நேரத்தில் இந்த மனிதர் எப்படித் தினமும் வருகிறார் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தன் பொய்யையே கட்டி மேய்க்க முடியாதவனுக்கு அடுத்தவன் பிழைப்பு எதற்கு என்று விட்டுவிட்டார்.

எடுத்தால்தானே குற்றம்? தொங்குகிறபடியே தைத்துவிட்டால்? மைக் பிடித்துவிடும் என்பதால் மெஷினைத் தொடக்கூடாது. எனவே ஊசியும் நூலுமாக டிரம்முக்குப் பின்னால் போய் முட்டிபோட்டு உட்கார்ந்து, கோட்டுக் கையின் லைனிங்கைப் பிடித்தார். டிரம்காரனுக்குச் செல்லப்பெயர் இடி. காரணப்பெயர்தான். அவன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஊசி ஓரிடத்தில் இறங்க வேண்டியது வேறிடத்தில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் அனுபவத்தை நம்பித் தைத்தார்.

பாட்டு முடிந்து பார்த்தால், பரிசோதகரின் கறுப்புக் கை பக்கத்தில் தொங்கிய பல் டாக்டரின் சாம்பல் கோட்டோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. விலங்கு மாட்டிய இரண்டு கைதிகளைப்போல அவை தொங்கின.

பிரிக்கக் கத்தரியை எடுத்தார். ஹெட்போன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் சார், தயவு பண்ணுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருந்த ஓட்டை அடைஞ்சுபோச்சு. பாஸ் கிடார் இப்பத்தான் உருண்டு வருது."

"இது பல் டாக்டர் கோட்டுடா."

"அவருக்கு வேற வேலை இருக்கும். மெதுவா வருவாரு."

பல் டாக்டர் மெதுவாக வரவில்லை. அவரிடமும் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரமே தையல்காரருக்குக் கடைவாய்ப்பல் வலி கண்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், விளக்கை அணைத்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த தையல்காரர் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். கழற்றிவிடலாமா என்றுகூட இருந்தது. அந்த நேரம் பார்த்து மைத்துனன் உள்ளேயிருந்து வந்து, தானும் பலகையைப் பார்த்துவிட்டு, ஆல்பத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது, 'சொன்ன நாளில் தரப்படும்' என்றே வைக்கப்போகிறோம் என்றான். தையல்காரர் பல் வலியில் பேச முடியாமல் இருந்ததால் குடும்பம் பிழைத்தது.

கடைசிப் பாட்டு எடுக்கிற நாளில் பரிசோதகர் வாசலில் நிற்கவில்லை. நேராகப் படியேறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கிடார்கள் ஓய்ந்தன. பையன்கள் டிக்கெட் எடுக்காதவர்களைப்போல எழுந்து நின்றார்கள்.

"நாளைக்கு விழா" என்றார் பரிசோதகர். "இனிமே தள்ளமாட்டாங்க."

தையல்காரர் யாரையும் கேட்கவில்லை. மைத்துனனையும் பார்க்கவில்லை, கதவில் நின்ற மனைவியையும் பார்க்கவில்லை. கத்தரியை எடுத்துப் பல் டாக்டரிடமிருந்து பரிசோதகரை வெட்டிப் பிரித்தார். கோட்டை அவருக்கு மாட்டிவிட்டு, காலரையும் கீழ்மடிப்பையும் உடம்பில் வைத்தே முடித்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் பொறுங்கள் சார் என்றார்.

ஹெட்போன் அழாத குறையாக முன்னால் வந்தான்.

"சார், கோட்டைப் போட்டுக்கங்க. அது உங்க கோட்டு. ஆனா நீங்க கொஞ்சம் அந்த டிரம்முக்குப் பின்னால போய் நின்னுக்க முடியுமா? கையை மட்டும் விரிச்சாப்பல வெச்சுக்கிட்டு?"

ஊரையே நடுங்கவைத்த மனிதரைத் துணி மாட்டும் கொம்பாக்கப் பார்க்கிறான் இந்தப் பயல். இத்தோடு கடைக்கு மூடுவிழாதான். தையல்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பரிசோதகர் நடந்துபோய் டிரம்முக்குப் பின்னால் நின்றார். இரண்டு கைகளையும் விரித்தார்.

பாட்டு தொடங்கியது. தையல்காரர் முதலில் காலரை வைத்து முடித்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து மடிப்பைத் தைத்தார். தலைக்கு மேலே இடி விழுந்துகொண்டிருந்தது. நடுவில் டிரம்காரன் ஓரிடத்தில் தடுமாறினான். மேலேயிருந்து பரிசோதகர் ஒரு பார்வை பார்த்தார். பையன் வியர்த்துப்போய், வாழ்நாளில் முதல்முறையாக ஒழுங்காக வாசித்தான். மறுபடி எடுத்தார்கள். இன்னொரு முறையும் எடுத்தார்கள். விரித்த கைகள் ஒரு விரல்கூட இறங்கவில்லை. என்ன பொறுமை, என்ன பெருந்தன்மை என்று தையல்காரர் வியந்தார்.

கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். வலிக்கும் பல்லால் கடித்துவிட்டு, கண்ணில் நீரோடு எழுந்தார்.

"ஆச்சு சார். விழாவுக்கு முன்னால குடுத்துட்டேன். எப்படியோ என் பேரைக் காப்பாத்திட்டீங்க. கழட்டுங்க, தேய்ச்சுத் தந்துடறேன்."

பரிசோதகர் கையை இறக்கவில்லை.

"விழா போன மாசமே முடிஞ்சுபோச்சு டெய்லர், சட்டையோடதான் போயிட்டு வந்தேன்" என்றார் அவர், டிரம்காரனிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தத் தம்பியை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க; ரெண்டாவது ஆல்பத்தை நம்பி வாங்கி நான் பட்டதே போதும்."