எழுப்பினால் செத்துவிடும் கம்ப்யூட்டர்

மவுசைத் தொட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு நீலமாகி, வருத்தம் தெரிவித்துவிட்டு, அணைந்தது.

"மறுபடியும் போச்சு," என்றார் ஷேக் தாவூத். அறையில் கேட்க யாரும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் கிளார்க் அவர். வயது ஐம்பத்தாறு. பழைய மாடல் வால்வுகளின் உதிரி பாகம் எது எந்த ரேக்கில் இருக்கிறது என்பது முழுக்க அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒழுங்காகச் செய்யும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் தூங்கிவிடும். தூங்கியதை எழுப்பினால் செத்துவிடும். திரும்ப உயிர் வரும்போது, தூங்கும் முன் கடைசியாக அடித்ததெல்லாம் காணாமல் போயிருக்கும்.

மேனேஜர் ரவிச்சந்திரன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் தினமும் பார்க்கிறார்.

"என்ன பாய், போயிடுச்சா?"

"வந்துடும் சார். நான் பாத்துக்கறேன்."

"அதுக்கு ஆயுசு அவ்ளோதான் பாய். நீங்க ஏன் கஷ்டப்படறீங்க?"

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் தாவூத். ஆனாலும் பயம் போகவில்லை. போன மாசம்தான் பேக்கிங் செக்‌ஷனில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இது தன் கையில் செத்தால் அந்தப் பழியோடு ஐந்தாவது ஆளாகத் தானும் போகவேண்டியதுதான்.

கொரட்டூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் லோகேஷுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணியும் இல்ல பாய். டிஸ்ப்ளே டிரைவர் பழசு. புதுசு போட்டா சரியாப்பூடும்," என்று போனிலேயே சொல்லிச் சொல்லிப் போடவைத்தான்.

போட்டதும் எழுத்தெல்லாம் சினிமா போஸ்டர் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு நேரத்தில் மூன்று வரிதான் தெரிந்தது. எழுப்பினால் முன்பு போலவே செத்தது. நீலத்திரை கேட்ட மன்னிப்பு மட்டும் இப்போது வாசல்வரை தெரிந்தது.

"அப்போ தூங்கவே வுடாதீங்க பாய்," என்றான் லோகேஷ். "செட்டிங்ஸ்ல 'நெவர்'னு போட்டுடுங்க."

போட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், ராப்பகலாக விழித்திருந்த கம்ப்யூட்டர் மூன்றாம் நாள் மதியம் சூடு தாங்காமல் நின்றுபோனது. தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

மறுநாள் நசரத்பேட்டையில் தன் வீட்டு டேபிள் ஃபேனைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

"ஊட்ல ரெண்டு பொம்பளைங்க வெந்துகினு கீறோம்," என்றாள் மனைவி ஜரினா. "நீங்க கம்ப்யூட்டருக்குக் காத்து வுடப் போறீங்க."

"வேலை போனா ஊட்ல கரண்ட்டே இருக்காது. அப்புறம் ஃபேன் எதுக்கு?"

பழைய ஃபேன். உள்ளே எங்கோ ஒயர் உரசியிருக்கிறது. சொருகியதும் டப்பென்று ஒரு சத்தம். அந்த அறைக்கும் பக்கத்து டெஸ்டிங் பெஞ்சுக்கும் ஒரே லைன். கரண்ட் போய் நாற்பது நிமிஷம் டெஸ்டிங் நின்றது. சாயங்காலம் மெமோ வந்தது. முப்பது வருஷ சர்வீசில் முதல் மெமோ. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பழையபடி தூங்க விட்டார்.

கடைசியாக லோகேஷ் ஒரு வழி சொன்னான். "மதர்போர்டுக்கு அப்டேட் ஒண்ணு கீது பாய். அரை மணி நேரந்தான். நடுவுல கரண்ட் போனா போர்டே காலி. யுபிஎஸ் கீதுல்ல?"

யுபிஎஸ் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் போகும் பிளக்தான் அதில் சரியாக உட்காராது. கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அன்று சனிக்கிழமை. மூன்று மணிக்கு அவர் மகள் ரூஹிக்கு நிச்சயம். அரை நாள் லீவு சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அப்டேட்டை ஆரம்பித்தார்.

"கிளம்புங்க பாய்," என்றார் மேனேஜர். "பொண்ணுக்கு நிச்சயத்தை வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க? செத்தா சாகட்டும்."

"பன்னண்டரைக்குக் கிளம்பிடுவேன் சார்."

பன்னிரண்டரைக்குத் தொண்ணூற்றெட்டு சதவீதம். ஒன்றரைக்கும் தொண்ணூற்றெட்டு. மேஜைக்கடியில் குந்தி, இரண்டு கையாலும் பிளக்கைப் பிடித்திருந்தார். பையில் போன் அடித்தது. எடுக்க மூன்றாவது கை இல்லை. இரண்டரைக்கு மறுபடி அடித்தது. மூன்றரைக்கு விடாமல் ஆறு முறை. போகட்டும் என்று ஒருதரம் விரலைத் தளர்த்தினார். திரை கண் சிமிட்டியது. பழையபடி இறுக்கிக்கொண்டார்.

நாலு மணிக்கு நூறானது.

அவர் வீடு சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் போயிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் இல்லாத இடத்தில் யாரிடம் தேதி பேசுவது என்று கேட்டார்களாம். மிட்டாய்த் தட்டு பிரிக்காமல் கிடந்தது. ரூஹி பட்டுப்புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் நல்லா கீதா அத்தா?" என்று கேட்டாள்.

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "கீதும்மா," என்றார்.

ஜரினா மிட்டாய்த் தட்டை எடுத்து, பிரிக்காமலே அலமாரியின் மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அது அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நாலு வரி அடித்து, கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டு, மவுசைத் தொட்டார். வெளிச்சம் வந்தது. நீலமாகவில்லை. அந்த நாலு வரியும் அடித்தபடியே இருந்தன. நம்பாமல் மறுபடி தூங்கவிட்டு எழுப்பினார். எழுந்தது. மூன்றாம் முறையும் எழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடு வீண் போகவில்லை.

வாசலில் ரவிச்சந்திரன் நின்றார். "போயிடுச்சா?"

"எழுந்துடுச்சு சார். இனிமே பிரச்சினையே இல்ல."

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. "அப்படியா," என்றார். பின்னால் திரும்பி யாருக்கோ இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு நடந்தார்.

தாவூத் வெளியே வந்து பார்த்தார். ஒரு மினி லாரி நின்றது. கம்பெனியில் பழைய இரும்பு எடுக்கும் மதுரைவீரன், அவிழ்த்த கயிற்றைத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மதுரவீரா, காலி வண்டியா போற?"

மதுரைவீரன் கயிற்றை வண்டிக்குள் எறிந்தார்.

"பின்ன இன்னா பண்றது பாய்? அந்தக் கம்ப்யூட்டர் என்னிக்கி எழுந்திருக்கலியோ அன்னிக்கே பாயை ஊட்டுக்கு அனுப்பிடறேன், ரூமை நீ காலி பண்ணிக்கோன்னு மேனேஜரு போன மாசமே சொல்லிட்டாரு. நானும் நாலு வாட்டி வண்டி எத்துகினு வந்துட்டேன், நீ இன்னாடான்னா அதை ரிப்பேர் பண்ணிகினே கீற."