நடு ஆளுக்கு எவ்வளவு குறைந்தது?

எடைச் சாமியார் வந்து இறங்கியதும் வாடகை ஹால் பிதுங்கியது. அவர் மந்திரித்த தண்ணீரைக் குடித்தால் உடம்பு இளைக்குமாம், சர்க்கரை ஓடியே போகுமாம். ஒரே நிபந்தனை, டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் காலடிக் கூடையில் போட்டுவிட வேண்டும். மாத்திரை தின்றால் மந்திரம் கோபித்துக்கொள்ளுமாம். அடடா, என்ன ரோஷமுள்ள மந்திரம்!

டிரில் டீச்சர் கழுத்தில் தொங்கும் விசிலோடு ஓடி வந்தாள். அவளுடைய அக்கா சர்க்கரை மாத்திரை அட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தவள். பிழைத்ததே பெரும்பாடு.

"வேண்டாம்க்கா, சொன்னா கேளு."

"சும்மா இருடி. சராசரியா மூணு கிலோ குறைஞ்சிருக்குன்னு கணக்கே காட்டுறாரு."

மேடையில் சாமியார் கூட்டி வந்த, ஆறு மாதம் தண்ணீர் குடித்த பதினொரு பக்தர்கள் இருந்தார்கள். மொத்தம் முப்பத்து மூன்று கிலோ காலி, தலைக்கு மூன்று என்றார் சாமியார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாருக்கு எவ்வளவு என்று ஒரு ஜீவனும் கேட்கவில்லை. அக்கா கூடையை நோக்கி எழுந்தேவிட்டாள்.

டீச்சர் மேடையேறி விசிலை ஊதினாள்.

"எல்லாரும் எழுந்திருங்க! நிறைய குறைஞ்சவங்க இந்தக் கோடி, எடை ஏறினவங்க அந்தக் கோடி. வரிசையா நில்லுங்க!"

"அபசாரம்!" என்று பதறினார் சாமியார். விசில் ஊதிய பிறகு அவரை யார் சட்டை செய்வது? பள்ளிக்கூடப் பழக்கத்தில் பதினொரு பேரும் வரிசை கட்டினார்கள்.

நட்டநடுவில் சலூன்காரர் நின்றார்.

"உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுதுங்க?"

"ஒண்ணுமே குறையலைங்க. அப்படியேதான் இருக்கேன்."

அவருக்கு அந்தப் பக்கம் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு கிலோ ஏறியிருந்தது! இந்தப் பக்கம் நான்கு பேருக்கு அரையரைக் கிலோ குறைந்திருந்தது. கோடியில் நின்ற பேக்கரிக்காரர் ஒருவருக்கே முப்பத்தாறு கிலோ!

"அண்ணே, உங்களுக்கு மட்டும் எப்படி?"

அவர் நெளிந்தார். "வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணாங்கம்மா. தண்ணியும் குடிச்சேன்."

"சராசரி மூணுதானே? கணக்கு பொய்யா?" சாமியார் சீறினார்.

"கணக்கு சரிதான் சாமி. ஒருத்தர் வயித்தை வெட்டினதைப் பதினோரு பேருக்குப் பங்கு போட்டீங்க பாருங்க, அதுதான் பித்தலாட்டம்."

சாமியார் பின்வாசலைத் தேடினார். அக்கா மாத்திரையை வாயில் போட்டு, பக்கத்திலிருந்த மந்திரத் தண்ணீரையே ஊற்றி விழுங்கினாள். தண்ணீர் அதற்காவது உதவட்டும்!

தலைக்கு இவ்வளவு என்று எவனாவது அளந்தால், நடுவில் நிற்கிறவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள், மகாஜனங்களே. தலை இருப்பது எண்ணுவதற்கு மட்டுமல்ல.