அலுமாரிக்குள் இருந்து வந்த பதில்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே இருக்கிறது. தங்கச்சிக்கு விசா வேலை பார்த்த ஏஜென்சிக்காரர் மேல் கோபம். பக்கத்து வீட்டு மலர் மாமி மேல் கோபம். லப்ரொப்பைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம். பட்டியலின் தலையில் இருப்பவன் மேல்தான் அதிகம். அவன் முகத்தைத் தினமும் சவரம் செய்யும்போது நான் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

என் தங்கச்சி டிலானி அவுஸ்திரேலியாவில் கைரோபிரக்டிக் படிக்கிறாள். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையாலேயே சீர்ப்படுத்துகிற படிப்பு. உடற்கூறு, நரம்பு, எக்ஸ்ரே என்று வருடக்கணக்காகப் படிக்க வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். உள்துறைமுகப் பக்கம் மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் திருத்துகிறேன். அந்தப் படிப்பின் பெயரைத் தடக்குப்படாமல் சொல்லவே எனக்கு ஒரு கிழமை எடுத்தது. சொல்லப் பழகியதும் ஊரெல்லாம் சொன்னேன். (முதல் பிழை.)

"உது எங்கட நெரிவு முறிவு வைத்தியம்தானே?" என்றார் மலர் மாமி வேலிக்கு மேலால். "எண்ணெய் பூசி உருவுறதுக்குப் பிளேன் ஏறிப் போகோணுமே சேவியர்?"

"உங்கட மகன் சோறு சமைக்க டுபாய்க்குப் போகேல்லையோ மாமி?" என்றேன். அந்த வேலிக்கு மேலால் கறி வருவது அன்றோடு நின்றது.

இடம் கிடைப்பதற்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. அங்கிருந்து ஒரு பேராசிரியை லப்ரொப்பில் வந்து கேள்வி கேட்பார். அதில் பிழை விட்டால் இடமும் போய்விடும். டிலானி பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே மூன்று வருடம் ஆங்கிலம் படித்து இந்த இடம் வரை வந்தவள். "இன்னொருக்கா இவ்வளவையும் செய்ய என்னால ஏலாது அண்ணா" என்று ஒருநாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். அதோடு என் நித்திரை போனது.

கவலைப்படுவதில் நான் அரைகுறை ஆள் இல்லை. கரண்ட் போனால்? லப்ரொப் சூடேறி நின்றால்? கேள்வி கேட்கிற நேரம் பார்த்து மீன்காரன் ஹோர்ன் அடித்தால்? (மீன்காரனிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். "ஒஸ்ரேலியாவுக்குக் கேக்குமோ அண்ணை?" என்று அவன் சிரித்த சிரிப்பும் பட்டியலில் இருக்கிறது.)

ஏஜென்சிக்காரர் நாற்பது கேள்விகளுக்கு நாற்பது பதில்கள் அச்சடித்துக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார். ஏன் இந்தப் படிப்பு என்பது ஏழாவது கேள்வி. டிலானியிடம் சொந்தப் பதில் இருந்தது. எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவள் பிறந்த வருடம் அவருடைய முதுகு போனது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவர் கண்ணை மூடும்வரை அவருக்குச் சுடுதண்ணி ஒத்தடம் பிடித்தே வளர்ந்தவள் அவள்.

"அதெல்லாம் சொல்லப்படாது பிள்ளை" என்றார் ஏஜென்சிக்காரர். "வருத்தம் நோய் பிடிச்ச குடும்பம் எண்டு நினைப்பினம். பேப்பரில இருக்கிறதை மட்டும் சொல்லுங்கோ. மற்றது, அறைக்குள்ள வேற ஒருத்தரும் இருக்கப்படாது."

இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னைக் கெடுத்தது. எங்கள் வீட்டில் என் ஃபோனில்தான் ஒழுங்காகச் சிக்னல் எடுக்கும். அதிலிருந்துதான் லப்ரொப்புக்கு இணைப்பு. ஆனால் அந்த ஃபோனுக்கு இலங்கைத்துறைக் கிராமத்து மீனவர்களிடம் இருந்து பகல் முழுக்க அழைப்பு வரும். "சேவியர் அண்ணை, எஞ்சின் இழுத்து இழுத்துக் கை போச்சு!" அழைப்பு வந்தால் இணைப்பு அறும். ஆகவே யாராவது அதைக் கையில் வைத்து, வருகிற அழைப்பையெல்லாம் வெட்ட வேண்டும். கதவுக்கு வெளியே நின்று வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். டிலானி முகம் கழுவப் போன நேரம் நான் அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே அம்மாவின் சேலைகளும் பூச்சி உருண்டை வாசமும் நானும். டிலானி வந்து இருந்தாள். பேராசிரியை வணக்கம் சொன்னார். கமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். டிலானி காட்டினாள். அறையில் யாரும் இல்லை என்று நெஞ்சறிய உண்மை சொன்னாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, இலங்கைத்துறையை ஆறு தடவை வெட்டினேன்.

எல்லாம் நல்லபடிதான் போனது. ஏழாவது கேள்வி வந்தது. சிறுவயது முதலே மனித உடலின் அற்புதம் தன்னைக் கவர்ந்தது என்று டிலானி தட்டாமல் ஒப்புவித்தாள். அதற்குப் பேராசிரியை என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "இதே பதிலை, இதே சொற்களில், இன்று காலை இன்னொரு மாணவரும் சொன்னார். இப்போது உங்கள் பதிலைச் சொல்லுங்கள்."

டிலானியிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. பேராசிரியை மறுபடி கேட்டார். அப்போதும் சத்தம் இல்லை.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சண்டைக் காலத்தில், எனக்குப் பத்து வயதில், அம்மாவோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் சீனன்குடாவில் ஆமிக்காரர் இறக்கிச் சோதிப்பார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்கு நாலு வசனம் தெரியும். ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்துவிட, அம்மா தனியே போனா. கேட்டதற்குப் பதில் வராததால் பின்னேரம் வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் பதில் சொல்வது என் பொறுப்பு. பெயர், ஊர், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம். அடையாள அட்டை முகத்துக்கு நேரே. பைக்கு வாய் திறந்து. கேட்கிறவர் இரண்டாம் தடவை கேட்கும்படி விடவே கூடாது.

பேராசிரியை மூன்றாம் தடவை கேட்டார்.

அலுமாரிக் கதவு உடனே திறக்கவில்லை. உதைத்தேன். அம்மாவின் கூறைச்சேலை தலையில் போர்த்தபடி நான் வெளியே விழுந்தேன். பூச்சி உருண்டைகள் அறை முழுக்க ஓடின. எழும்பி, கமராவுக்கு முன் நேராக நின்று, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

"மேடம்! நேம் டிலானி! மை சிஸ்டர்! கோயிங் அவுஸ்திரேலியா! ஸ்டடி! ஆஃப்டர், கம் ஹோம்!"

அத்தோடு விட்டேனா? டிலானியின் பையை மேசையில் இருந்து எடுத்து, ஸிப்பை இழுத்து, வாயைக் கமராவுக்குக் காட்டினேன். "நத்திங், மேடம்! லஞ்ச் பொக்ஸ் ஒன்லி!"

இந்த மனிதர் யார், எவ்வளவு நேரமாக அதற்குள் இருந்தார் என்று பேராசிரியை டிலானியைக் கேட்டார். அதற்கும் நான்தான் முந்தினேன். "ட்வென்ரி மினிட்ஸ், மேடம்." (சோதிக்கிறவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பதும் சீனன்குடாவில் படித்ததுதான்.)

திரை கறுத்தது.

டிலானி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்கு எப்போதும் நீங்கள் உங்கள் என்று மரியாதை வைத்துக் கதைக்கிறவள், அன்றைக்கு அதையும் விட்டாள்.

"உன்னை ஆர் கேட்டது? அவ என்னைத்தானே கேட்டவ! எனக்கு வாயில்லையோ?"

"நீ கதைக்காமல் இருந்தாய் பிள்ளை, அதுதான்..."

"யோசிச்சுக்கொண்டு இருந்தனான்! மனுசர் யோசிக்கப்படாதோ? கேள்வி கேட்டவுடன சுட்டுப்போடுவினமோ?"

அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டா.

அடுத்த நாள் காலையிலேயே ஏஜென்சிக்காரரின் கதிரைக்கு முன் போய் நின்றேன். அங்கே குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்த ஒரு பிள்ளை கணக்கியல் படிக்கப் போவதற்காக, மனித உடலின் அற்புதம் தன்னைக் கவர்ந்தது என்று பாடமாக்கிக்கொண்டிருந்தது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எழும்பி வந்தார். ஏஜென்சிக்காரர் அசையவில்லை.

"அலுமாரிக்குள்ள போகச் சொல்லி நானோ சொன்னனான்?"

அவருடைய மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன். வேறு பழிவாங்கல் தோன்றவில்லை.

இரண்டு நாளில் பல்கலைக்கழகத்தில் இருந்து கடிதம் வந்தது. மோசடி முயற்சி என்று எழுதியிருந்தார்கள். ஏழு நாளுக்குள் விளக்கம் கொடுக்கலாம், திருப்தி இல்லாவிட்டால் விண்ணப்பம் ரத்து. மோசடி என்ற அந்தச் சொல்லை டிலானி தமிழில் சொன்னபோது நான் கையில் இருந்த ஸ்பனரைக் கீழே வைத்தேன். இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன், ஒரு ஆணி திருடியவன் இல்லை.

விளக்கத்தை டிலானி தனியே இருந்து எழுதினாள். அனுப்பிய பிறகுதான் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அப்பாவின் முதுகு, சுடுதண்ணி ஒத்தடம், எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி: "என் அண்ணன் மோசடிக்காரர் இல்லை. கேட்டவுடன் பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் பத்து வயதில் கற்றுக்கொண்டார். எனக்கு அதைக் கற்க வேண்டி வரவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டபோது நான் யோசித்தேன்."

"என்னைக் கேளாமல் என்ரை கதையை எழுதியிருக்கிறாய்" என்று கத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் முகம் கழுவுகிற வேலை இருந்தது.

இன்னொரு தடவை நேர்முகம் வைத்தார்கள். இந்த முறை வீட்டுக்காரர் எல்லோரும் ஜன்னலுக்குள்ளால் தெரிகிற மாதிரி வெளியே நிற்க வேண்டும் என்று நிபந்தனை. நானும் மனைவியும் அம்மாவும் எதிர்மதிலோடு வரிசையாக வெயிலில் நின்றோம். "ஆரைப் பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்கள்?" என்று மலர் மாமி கேட்டார். ஜன்னலுக்குள் டிலானி கையை ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை நிறுத்தி, தாடையில் கை வைத்து யோசித்தாள். என் கால் தானாக ஒரு அடி முன்னே போனது. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டா. பிறகு டிலானி மறுபடி கதைக்கத் தொடங்கினாள்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். போன மாதம் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கான அறிவுறுத்தல். கமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பதற்குக் கீழே, அவளுடைய காலத்தில் இல்லாத ஒரு வரி: அறையில் அலுமாரிகள் இருப்பின் கதவுகளைத் திறந்து உட்புறத்தைக் காட்டவும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான், கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதை இந்த விதமாகப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிலானி வீடியோவில் வந்ததும், வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை, "அண்ணா, அலுமாரியைத் திறந்து காட்டுங்கோ" என்கிறாள். அம்மாவும் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். திறந்து காட்டாவிட்டால் அவள் கதைக்க மாட்டாள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் திறந்து காட்டுகிறேன். கோபத்தோடுதான்.