ஒரு ஜாண் நீட்டிய முன்னேற்றம்

மனிதகுலம் இரண்டு முறைதான் உண்மையாக முன்னேறியிருக்கிறது. முதல் முறை, சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது. இரண்டாம் முறை, பூந்தமல்லியில் சமீர் தன் ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சக்கரத்தை ஒரு ஜாண் பின்னுக்குத் தள்ளியபோது. முதலாவதைச் செய்த ஆளின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டாமவருக்கும் அந்த அநியாயம் நேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுத எனக்குத் தகுதி உண்டு. நான் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன். எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு நகர்த்தாதவன் என்று பெயரெடுத்து ஓய்வுபெற்றவன். சமீர் எனக்கு அடுத்த வீட்டுப் பையன். டிரங்க் ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருக்கிறான். ஆட்டோவோ புல்லட்டோ ஸ்கூட்டியோ, எந்த வண்டிக்கும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராதபடி சீட் தைத்துக் கொடுப்பான். அப்படிப்பட்டவன் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கினான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் சாதாரண மனிதன்.

பின்சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். வெளிநாட்டுப் பந்தயங்களில் அதை நீட்டி விடுகிறார்களாம். நீட்டினால், வண்டி விருட்டென்று கிளம்பும்போது முன்சக்கரம் மேலே தூக்காதாம். சமீர் இதைப் போனில் பார்த்தான். பார்த்த நாளிலிருந்து தன் முன்சக்கரம் எங்கே தூக்கிவிடுமோ என்ற கவலை அவனைப் பிடித்துக்கொண்டது.

மெட்ரோ வேலை நடக்கும் டிரங்க் ரோட்டில் வண்டிகள் எந்த வேகத்தில் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மாநகரப் பேருந்தை விட்டு இறங்கி நடந்தால் அதே பேருந்தை அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிடலாம். அந்த ரோட்டில் இதுவரை யாருடைய முன்சக்கரமும் தூக்கியதாகத் தகவல் இல்லை. ஆனாலும் வருமுன் காப்பதுதானே அறிவு?

வேலையை ஜம்புலிங்கத்திடம் கொடுத்தான். ஜம்புலிங்கம் கேட், கிரில், ஷட்டர் வேலைகளில் பேர்போனவர். பைக்கில் கை வைத்ததில்லை. ஆனால் வெல்டிங்குக்கு இது கேட், இது பைக் என்ற பேதமெல்லாம் கிடையாது என்பது அவருடைய கொள்கை. "இன்னா நைனா, எம்மா நீளம் ஓணும்?" என்று மட்டும் கேட்டார். சமீர் கையை விரித்துக் காட்டினான். டேப் எடுக்காமல் அந்தக் கையையே அளவாக வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டிவிட்டார். வண்டி நீண்டது. நீண்ட வண்டிக்குப் பின்சீட்டு 'லுக்'கைக் கெடுக்கிறது என்று சொல்லி, சமீர் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூன் விழுந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியை மாட்டினான். சீட் தைத்துப் பிழைக்கிறவன் தன் வண்டியில் சீட்டைத் துறந்தான். இதற்குப் பெயர் தியாகம்.

ஒரு சாதனை நடந்தால் உடனே சங்கம் வைப்பது நம் பண்பாடு. 'மேற்கு சென்னை நீள்வாகன முன்னேற்றச் சங்கம்' பிரியாணிக் கடை மாடியில் உதயமானது. நிறுவனர் சமீர். செயலாளர் அவன் நண்பன் லோகேஷ். தொழில்நுட்ப ஆலோசகர் ஜம்புலிங்கம். தலைவர் அடியேன். உறுப்பினர்கள் யாரும் இல்லாததால் சங்கத்தில் கருத்து வேறுபாடே எழவில்லை.

முதல் கூட்டத்திலேயே நீளத்தின் நன்மைகளைப் பதிவு செய்தோம். வண்டி முன்பு திரும்பிய முனையில் இப்போது லாரியைப் போல நிதானமாக, இரண்டு முறை பின்னே தள்ளித்தான் திரும்புகிறது. இதனால் ஓட்டுபவருக்குப் பொறுமை வளர்கிறது. இரும்புக் கை நீண்டதால் ஷாக் அப்சார்பர் துவண்டு போய், சின்னப் பள்ளத்துக்கும் வண்டியின் பின்புறம் உட்கார்ந்து எழுகிறது. இது பணிவு. மழையில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தனக்குப் பிடித்த பக்கம் போகிறது. இது சுதந்திரம். செயின் அடிக்கடி கழன்று விழுந்ததில் சமீருக்குத் தெருவில் நாலு பேரோடு பேசிப் பழக வாய்ப்புக் கிடைத்தது. இன்சூரன்ஸ்காரர்கள், இப்படி மாற்றிய வண்டிக்கு ஏதாவது ஆனால் தங்களைத் தேடி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படியாக ஒரு கவலையும் ஒழிந்தது.

"தலைவரே, வண்டி மேல தப்பே கெடையாது. ரோடுதான் வளைஞ்சி கீது" என்றான் லோகேஷ்.

எனக்கு மெய்சிலிர்த்தது. பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் உள்ள வளைவுகள் அனைத்தையும் நேராக்கும்படி அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றினோம்.

இந்த நேரத்தில்தான் ஷாகிதா குறுக்கே வந்தாள்.

ஷாகிதா சமீருக்கு நிச்சயம் செய்திருந்த பெண். முத்தாபுதுப்பேட்டைக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். கல்யாணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலையை விடமாட்டாள். பூந்தமல்லியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் போக முடியாது என்பதால், காலையில் அவளை வண்டியில் கொண்டுபோய் விடவேண்டியது சமீர் பொறுப்பு. சமீர் சபையில் எல்லோர் முன்பும் சரி என்று சொல்லியிருந்தான். சொல்லும்போது அவன் வண்டியில் பின்சீட்டு இருந்தது.

கல்யாணப் புடவை எடுக்க வந்த இடத்தில் அவள் சமீரின் கடை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். எங்கள் சங்கம் இத்தனை கூட்டத்தில் எழுப்பாத ஒரு கேள்வியை எழுப்பினாள்.

"நான் எங்க குந்துறது?"

சமீர் என்னைப் பார்த்தான். நான் நீளத்தின் தத்துவத்தை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இந்த வண்டி தன்னைத் தினமும் கொண்டுபோய் விடும் என்று நம்பிக்கை வந்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் புடவைக் கடைக்குள் போகாமலேயே பஸ் ஏறினாள். சமீருக்கு முகம் செத்துவிட்டது. அவனுக்கு அவளை ரொம்பவும் பிடித்திருந்தது. வண்டியையும் பிடித்திருந்தது. இரண்டில் ஒன்றை விடவேண்டி வரும் என்று யாரும் அவனிடம் அதுவரை சொல்லவில்லை.

ஷாகிதாவின் அத்தா சாதுல்லா சமாதானத்துக்கு வந்தார். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த நியாயஸ்தர். வண்டியைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். ஆனால் நிக்காஹ்வுக்கு முன்பு பெண்ணை எப்படிப் பையன் பின்னால் உட்கார வைப்பது? அவரே வழியும் சொன்னார்.

"நிக்காஹ்ல என் பொண்ணுக்காக நான்தானே வலியா, பொறுப்பாளியா நிக்கப்போறேன்? சீட்டுலயும் அவளுக்காக நானே குந்துறேன்."

இதைவிட முறையான ஏற்பாட்டை நான் என் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. கடையிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வீடு வரை சாதுல்லா பின்சீட்டில் போகவேண்டும். நல்லபடியாகப் போய் இறங்கினால் கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும். சமீர் கூன் மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் ஆயுளில் தைத்ததிலேயே நல்ல சீட்டை அந்த இடத்தில் தைத்து வைத்தான். பஞ்சு மெத்தென்று இருந்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டிருந்தான். அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் மனசு இளகியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோதனை ஓட்டம். சங்கத்தின் சார்பில் 'பார்வையாளர் குழு' பின்தொடர்ந்தது. லோகேஷின் ஸ்கூட்டரில் நானும், தன் மொபெட்டில் ஜம்புலிங்கமும். ஸ்கூட்டரின் பின்சீட்டு மிகவும் வசதியாக இருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

சாதுல்லா ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்பக்கம் அப்படியே இறங்கி, முன்விளக்கு வானத்தைப் பார்த்தது. கிளம்பியவுடன் யூ டர்ன். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியில் வண்டி குறுக்காக நுழைந்து, மூக்கு ஒரு தடுப்பையும் வால் பேருந்து ஒன்றையும் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஹாரன். சாதுல்லா இறங்கித் தள்ளினார். கடைசியில் திரும்புகிற யோசனையைக் கைவிட்டு, அகலமான இடம் தேடி நேராகப் போனார்கள். வடக்கே முத்தாபுதுப்பேட்டைக்குப் போக வேண்டியவர்கள் மேற்கே திருமழிசை வரை போய் வந்தார்கள். வழியில் இரண்டு தடவை செயின் கழன்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் சாதுல்லா மெல்லிய குரலில் இறைவனை அழைத்தார்.

ஆனாலும் முத்தாபுதுப்பேட்டை வந்துவிட்டது. தெரு வந்துவிட்டது. வீட்டு வாசலில் ஷாகிதா நிற்பதும் தெரிந்தது. சமீர் முதுகு நிமிர்ந்தது. லோகேஷ் என்னிடம் திரும்பி, "கெலிச்சிட்டோம் தலைவரே" என்றான்.

அந்த வீட்டுக்கு நேர் முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அரசு போட்டதல்ல. பைக்கில் பறக்கும் பையன்களுக்குப் பாடம் கற்பிக்க சாதுல்லா தன் வீடு கட்டிய மிச்ச சிமெண்டில் தானே நின்று போட்டது. நாலு வேகத்தடையின் உயரத்தை ஒரே வேகத்தடையில் கொண்டுவந்திருந்தார். மற்ற வண்டிகள் முனகிக்கொண்டே ஏறி இறங்கிவிடும். நம் வண்டியின் முன்சக்கரமும் ஏறி இறங்கியது. பின்சக்கரம்தான் ஒரு ஜாண் தள்ளி இருக்கிறதே, அது இன்னும் வந்து சேரவில்லை. நடு வயிறு தொங்கி மேட்டின்மேல் கரகரவென்று உட்கார்ந்துவிட்டது. சமீர் முறுக்கினான். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைவிட்டது.

"ஊடு வந்துடுச்சா மாப்ள?" என்றார் சாதுல்லா, கண்ணை மூடியபடியே.

"ஊடு வந்துடுச்சு மாமா. நாமதான் இன்னும் வரல."

சாதுல்லா இறங்கித் தன் வேகத்தடையைத் தடவிப் பார்த்தார். அதில் விரிசல் இல்லை என்பதில் அவருக்கு லேசான திருப்தி இருந்தது. ஷாகிதா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்தப் புதுச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிவப்புத் தையலின்மேல் விரலை ஓட்டினாள். அப்புறம் சமீரிடம் சொன்னாள்:

"சீட்டு நல்லா கீது. சக்கரந்தான் ஒரு ஜாண் பின்னாடி போயிருக்கு. கல்யாணத் தேதியும் பின்னாடி போவட்டும். அது என்னிக்கு பழைய எடத்துக்கு வருதோ, அன்னிக்கு இதுவும் வரும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சமீர் சிவப்புத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாங்கள் வைத்த சங்கத்தில் ஒருத்தனாவது அவனிடம் முதல் நாளே 'வேண்டாம்டா' என்று சொல்லியிருக்கலாம்.

சங்கத்தின் இறுதி அறிக்கை வருமாறு. முன்சக்கரம் தூக்கக் கூடாது என்பதே எங்கள் லட்சியம். கடைசி வரை அது தூக்கவே இல்லை. அன்றைக்கு வண்டியை அந்த மேட்டிலிருந்து எடுத்து, ஜம்புலிங்கத்தின் பட்டறைக்குப் போகிற மினி லாரியில் ஏற்ற, நாங்கள்தான் முழு வண்டியையும் தூக்கினோம். முன்னால் சமீரும் லோகேஷும், பின்னால் ஜம்புலிங்கமும் நானும். சாதுல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். தெருவில் போன இரண்டு பேர் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றினார்கள்.

நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இதில் ஒரே ஒரு வித்தியாசம், தூக்கிய அந்த நாலு பேரும்தான் அதைக் கொன்றவர்கள்.