மாலை போட்ட சைக்கிளும் நான் சொல்லாத குரங்கும்

கூச்ச சுபாவம் உள்ளவர்களை ஊர் "அமைதியானவர், ஆழமானவர்" என்று புகழும். உண்மை அதுவல்ல. எங்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விடுகிறது, அவ்வளவுதான். (என் விஷயத்தில் நிஜமாகவே போயிருக்கிறது. மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, எங்கள் ஊர் சிலிபினில் இறங்க வேண்டியவன் கடைசி நிறுத்தம் வரை போய், வெயிலில் நடந்து வந்திருக்கிறேன்.)

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இதே கூச்சம் என்னை ஒரு சுண்ணாம்பு மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. நிறுத்தியது என்று சொல்லக் கூடாது. எனக்கு நிறுத்தத்தான் தெரியவில்லை.

என் மகள் கவிதா ஒரு பையனை விரும்பினாள். பையனின் அப்பா தனபாலன் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு கிரேவல் சைக்கிள்தான் உயிர். நல்ல தார் ரோடு பக்கத்திலேயே இருக்க, கல்லிலும் செம்மண்ணிலும்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கிறவர்களின் சைக்கிள் அது. என் மனைவி சரசு வைத்த வடையை அவர் தொடவில்லை.

"நீங்க ரப்பர் தோட்டத்துல பொறந்தவருன்னு பையன் சொன்னான். அப்ப நல்லா சைக்கிள் ஓட்டுவீங்கதானே?"

தோட்டத்தில் எங்களிடம் ஒரு சைக்கிள் இருந்தது உண்மை. ஓட்டியது என் அண்ணன். நான் பின்னால் உட்கார்ந்து ரப்பர் பால் வாளியைப் பிடித்துக்கொள்வேன். இதை விளக்க நாலு வாக்கியம் தேவை. என்னிடம் தலையாட்டுகிற அளவுக்குத்தான் தைரியம் இருந்தது.

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம என்னோட வாங்க. ஆளு எப்படின்னு மேட்டுல தெரிஞ்சிரும்லா. வந்துட்டு நாள் குறிக்கிறதப் பத்திப் பேசுவோம்."

அதாவது என் மகளின் கல்யாணம் என் முழங்காலை நம்பி நின்றது.

மச்சான் குமார், சரசுவின் தம்பி, தன்னுடைய கிரேவல் சைக்கிளைக் கொடுத்தான். மூன்று நாள் சாயங்காலம் வீட்டுப் பின்பக்கச் சந்தில் பழகினேன். ஓட்ட வந்தது. நிறுத்துவதற்கு மட்டும் குதித்து இறங்கி, சைக்கிளோடு கொஞ்ச தூரம் ஓடுவேன்.

ஞாயிறு விடிந்ததும் சரசு, "பூஜ போடாம எந்த வண்டியும் ரோட்டுல எறங்கக் கூடாதுங்க" என்று கோயிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே வாகன பூஜைக்கு வரிசை. எனக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு புதுக் கார். நடுவில் நான், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு.

லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, எத்தன டன்னு ஏத்துவீங்க?"

பூசாரி எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. சைக்கிளுக்கும் விபூதி, சந்தனம், ஹேண்டில்பாரில் பெரிய சாமந்தி மாலை, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். லாரி பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகப் போனது. என் சைக்கிள் பழத்தில் ஏறி, வழுக்கி, உண்டியலில் போய் முட்டியது.

"நல்ல சகுனம்" என்றார் பூசாரி. (கெட்டது எப்படி இருக்கும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.)

"மாலய நாமளா கழட்டக் கூடாது, தானா விழணும்" என்றாள் சரசு. பிறகு பிரசாத வாழைப்பழத்தை ஒரு சீப்பு பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினாள். "சம்பந்தி கையில மறக்காமக் குடுங்க."

மலைப் பாதை தொடங்கும் சிம்பாங் பூலாய் பக்கம் தனபாலனும் அவர் நண்பர் ஆ செங்கும் காத்திருந்தார்கள். ஆ செங் தோட்டத்துக் கடை வைத்திருந்த சீனர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"என்னா அண்ணே, சைக்கிளுக்குக் கல்யாணமா? எங்களுக்கு அழைப்பே இல்லியேலா."

தனபாலன் சிரிக்கவில்லை. மாலையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பெடலை மிதித்தார். பழத்தைக் கொடுக்க அதுதான் சரியான நேரம். நான் வாயைத் திறந்தபோது அவர் முதல் வளைவைத் தாண்டியிருந்தார்.

பாதை என்னவோ அழகுதான். ஒரு பக்கம் ஆறு பாறைகளில் சலசலத்துக்கொண்டு கூடவே வந்தது. மறுபக்கம் சுண்ணாம்பு மலைகள், பச்சைக் காடு போர்த்திக்கொண்டு, வெட்டிய இடங்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பழைய ரப்பர் தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. ஓரத்தில் தப்பிப் பிழைத்த நாலைந்து ரப்பர் மரங்கள் மார்பில் பழைய வெட்டுத் தழும்புகளோடு நின்றன. இதையெல்லாம் என்னால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. காரணம், மேட்டில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் தனபாலன் காத்திருந்தார். ஆளு எப்படி என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே வந்தது.

கடைசி மேட்டில், மலையடிவாரக் குகைக் கோயில் ஒன்றின் அருகே, நான் மூச்சு வாங்க நின்றேன். இங்கிருந்து ஆறு வரைக்கும் ஒரே இறக்கம். மற்ற இருவரும் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது வேலி மேல் ஒரு கடுவன் குரங்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தது.

அதன் பின்னால் அதன் குடும்பம் இருந்தது. அதற்கும் பின்னால், ஒன்றுவிட்ட உறவுகள் வரை எல்லாரும் இருந்தார்கள்.

நான் ஏறி மிதித்தேன். இறக்கம், கல், மண் எதுவும் கண்ணில் தெரியவில்லை. ஆ செங்கைத் தாண்டினேன். குரங்குகள் பாதையோர மரங்களில் தாவித் தாவிக் கூடவே வந்தன. கொஞ்ச தூரத்தில் தனபாலனையும் தாண்டினேன். தாண்டும்போது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் வருங்காலச் சம்பந்தியிடம், அவ்வளவு பெரிய மனிதரிடம், எடுத்த எடுப்பில் "குரங்கு" என்று எப்படிக் கத்துவது? தலையை மட்டும் மரியாதையாக ஆட்டிவிட்டுப் போனேன்.

அவருக்கு அது சவாலாகப் பட்டுவிட்டது. மேட்டில் நடந்தவன் இறக்கத்தில் முந்திவிட்டு, போதாக்குறைக்குத் தலையை வேறு ஆட்டுகிறான். அவரும் வேகமெடுத்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தோம். கீழே பாதை பாலத்துக்கு இடது பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, சரசு சொன்னபடியே மாலை தானாக விழுந்தது. விழுந்து முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

நான் நேராக ஆற்றுக்குள் போனேன். என்னையே பார்த்துக்கொண்டு வந்த தனபாலனும் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சாமந்திப் பூக்கள் எங்களைச் சுற்றி மிதந்தன. கரையில் தெறித்து விழுந்திருந்த பையைக் கடுவன் பிரித்துப் பிரசாதத்தைத் தன் குடும்பத்துக்கு விநியோகித்துக்கொண்டிருந்தது. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். கவிதாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

தனபாலன் மெதுவாகக் கரையைப் பார்த்தார்.

"அதுங்க... மேலருந்தே தொரத்திட்டு வந்துச்சா?"

தலையாட்டினேன்.

"குரங்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்" என்றேன். "கூச்சமா இருந்துச்சு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே சிரித்தார். அதற்குள் ஆ செங் பாலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். "ரெண்டு பேரும் குளிக்க வாரீங்கன்னு சொன்னா நானும் துண்டு கொண்டாந்திருப்பேன்லா."

அன்று சாயங்காலம் தனபாலன் எங்கள் வீட்டில் நாலு வடை தின்றார். நாளும் குறித்தோம். "இந்த மனுசன்கிட்ட ஒரு கெட்ட வார்த்தகூட வராது. என்னா, நல்ல வார்த்தயும் வராது" என்று சரசுவிடம் சொன்னார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். கல்யாண மேடையில் கெட்டிமேளம் தொடங்கும் நேரம். எல்லார் கண்ணும் மாப்பிள்ளை கையில் இருந்த தாலியில். சம்பந்தியின் பட்டு அங்கவஸ்திரத்தின் நுனி குத்துவிளக்கின் மேல் படுவதை நான் மட்டும் பார்த்தேன். சொல்ல வேண்டும். ஆறு ஞாபகம் வந்தது. இந்த முறை விடக் கூடாது என்று வாயைத் திறந்தேன். "தீ" என்றோ "சம்பந்தி" என்றோ வந்திருக்கலாம்.

"குரங்கு!" என்று கத்திவிட்டேன்.

அந்த வீடியோ இன்றும் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறார்கள். தாலி கட்டும் அந்த நிமிடத்தில் மண்டபமே அண்ணாந்து கூரையில் எதையோ தேடுகிறது, ஐயர் உட்பட. சம்பந்தி ஒருவர் மட்டும், எதையும் கேட்காமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடுகிறார்.